முதுமை, நினைவு, சூழல்: ஆயர்பணியாளருக்குச் சில குறிப்புகள்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் இருப்புப்பாதையை ஒட்டிய ஊர்களில் முதியோரைக் கண்டுவரும் ஆயர்கள் ஒரு கூற்றைப் பல வீடுகளிலும் கேட்டிருப்பர். "அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கலைங்க ஐயா. ஒரு வேலையும் செய்ய விடறதில்லை. சாப்பாடுகூட உட்கார்ந்த இடத்துக்கே போயிடும்." மகன் இதனைப் பெருமையுடன் கூறுவான். அம்மையார் சுவரோரக் கட்டிலில் அமர்ந்திருப்பார். எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். ஆயர் திருமறையை வாசித்து, ஜெபித்து, நற்கருணை அளித்து விடைபெறுவார். சில மாதங்கள் கழித்துச் செல்லும்போது அம்மையார் ஆயரின் பெயரை மறந்திருப்பார். அதற்கடுத்த முறை, வந்திருப்பவர் ஆயர் என்பதையே மறந்திருப்பார். "வயசாயிடுச்சு" என்று கூறி வீட்டாரும் ஆயரும் அமைதியடைவர்.

அம்மையாருக்குச் செய்யவேண்டியவை அனைத்தும் செய்யப்பட்டுவிட்டன என்னும் இந்த அமைதி சரியானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதியோரை வேலையின்றி அமர்த்தி வைப்பதை நாம் மதிப்பு என்று கருதுகிறோம். மூளையைப் பற்றிய கடந்த அறுபதாண்டு ஆராய்ச்சியோ, அம்மதிப்பு முதியவருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று எச்சரிக்கின்றது. இதனை ஆயர்களும் இறையியல் மாணவர்களும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில், முதியோரின் வீட்டிற்குள் தவறாது சென்றுவருவோர் மருத்துவரைவிட ஆயர்களே.

1. கூண்டுகள் கற்பித்த பாடம்

முதிர்ந்த மூளை மாற்றமடையாது, தேய மட்டுமே செய்யும் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. 1940-களில் கனடா நாட்டு உளவியல் அறிஞர் டொனால்ட் ஹெப், தம் வீட்டில் செல்லப் பிராணிகளாக வளர்ந்த எலிகள், ஆய்வுக்கூடக் கூண்டுகளில் வளர்ந்த எலிகளைவிடச் சிக்கல்களைத் தீர்ப்பதில் சிறந்து விளங்கியதைக் கண்டார். இக்குறிப்பைப் பின்பற்றி, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரோசென்ஸ்வைக், பென்னெட், கிரெக், மரியன் டயமண்ட் ஆகியோர் 1960-களில் விரிவான சோதனைகளை நடத்தினர். எலிகளை மூவகைக் கூண்டுகளில் வைத்தனர். முதலாவதில் ஓர் எலி தனித்திருந்தது. இரண்டாவதில் வழக்கம்போல் மூன்று எலிகள் இருந்தன. மூன்றாவது பெரியது, அதில் ஏறத்தாழப் பன்னிரண்டு எலிகளும், ஏறவும் நுழையவும் உருட்டவும் தக்க பொருள்களும் இருந்தன. அப்பொருள்கள் நாள்தோறும் மாற்றப்பட்டன. உணவும் நீரும் மூன்று கூண்டுகளிலும் வேண்டிய அளவு கிடைத்தன.

சில வாரங்களுக்குப் பின் மூளைகளை ஆராய்ந்தபோது, மூன்றாவது கூண்டின் எலிகளுக்குப் பெருமூளைப் புறணி எடை கூடியும் தடித்தும் இருந்தது. நரம்பணுக்களின் கிளைநார்கள் மிகுதியாகப் பிரிந்திருந்தன. ஓரணு மற்றோர் அணுவோடு தொடர்புகொள்ளும் இணைப்புகளும் பெருகியிருந்தன. இவற்றின் வழியாகவே நினைவு பதிகிறது. ஆகவே இணைப்புகள் பெருகின என்பதைக் கற்கும் ஆற்றலின் அடிப்படை விரிவடைந்தது என்று கொள்ளலாம்.

முதுமைக்கும் இது பொருந்துமா? டயமண்ட் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், 766 நாள் வயதான எலிகளைச் செழுமையான கூண்டுக்கு மாற்றி, 904-ஆம் நாள் வரை அங்கேயே வைத்திருந்தார். எலியின் வாழ்நாளில் இது மிகமுதிர்ந்த பருவம். அப்பருவத்திலும் புறணி தடித்தது. 1997-இல் கெம்பர்மான், கேஜ் ஆகியோர் சுண்டெலிகளில் நடத்திய ஆய்வு, நினைவைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியில், செழுமையான சூழலில் வாழ்ந்தவற்றுக்குப் புதிய நரம்பணுக்கள் மிகுதியாக நிலைத்திருந்ததைக் காட்டியது. மனிதரின் முதுமையில் புதிய நரம்பணுக்கள் எந்த அளவிற்குத் தோன்றுகின்றன என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இருக்கும் அணுக்களின் இணைப்புகள் முதுமையிலும் பயிற்சியால் மாறக்கூடியவை என்பதில் ஐயமில்லை.

பெர்க்லி ஆய்வுகளுள் 1975-இல் வெளிவந்த ஒன்று நமக்குச் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. செழுமையான பெருங்கூண்டின் உள்ளேயே சிறு வலைக்கூண்டுகளை வைத்து, அவற்றுள் சில எலிகளை அடைத்தனர். அவை மற்ற எலிகளின் விளையாட்டு முழுவதையும் பார்த்தன, கேட்டன, முகர்ந்தன. ஆனால் பங்கேற்க இயலவில்லை. அவற்றின் மூளையில் அந்த வளர்ச்சி காணப்படவில்லை. பார்த்திருப்பது போதவில்லை; தொட்டும் முயன்றும் தவறியும் ஈடுபட்டவைக்கே பயன் கிட்டியது. கட்டிலில் அமர்ந்து தொலைக்காட்சியை நோக்கியிருக்கும் அம்மையாரை இங்கே நினைத்துக்கொள்வோமாக.

2. மனிதரிடம் கண்டவை

எலியிலிருந்து மனிதருக்கு ஒரே தாவாகத் தாவிவிடலாகாது. மனிதரைக் கூண்டில் வைத்துச் சோதிக்க இயலாது. வாழ்வோரை நெடுங்காலம் தொடர்ந்து கவனிக்கவே இயலும். அவ்வாறு கவனித்தோர் கண்டவற்றுள் சிலவற்றைக் கூறுவோம்.

அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986-இல் தொடங்கிய ஆய்வில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் 678 பேர் பங்கேற்றனர். இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் இசைந்தனர். அவர்களுள் ஒருவர் 101 வயதில் இறந்தார். அவரது மூளையில் அல்ஸைமர் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தன. எனினும், இறுதிவரை நினைவுச் சோதனைகளில் அவர் நன்மதிப்பெண் பெற்றிருந்தார். கல்வி, உழைப்பு, உறவு ஆகியவற்றால் வாழ்நாள் முழுவதும் சேர்த்த இணைப்புகள், நோய் சிலவற்றை அழித்தபின்னும் மாற்றுவழிகளைத் தந்து மூளையை இயங்கச் செய்கின்றன என்று அறிஞர் இதற்கு விளக்கம் கூறுகின்றனர். இதனை அவர்கள் அறிவுச் சேமிப்பு என்பர்.

2000-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் வாழ்ந்த முதியோரைப் பற்றி வெளிவந்த ஆய்வு, உறவுத் தொடர்புகள் குன்றியவர்களுக்கு டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதிநோய் வரும் வாய்ப்பு 60 விழுக்காடு மிகுதி என்றது. 2011-இல் அமெரிக்காவில் 120 முதியோரிடம் நடந்த சோதனையில், ஓராண்டு ஒழுங்காக நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்தது. நடைப்பயிற்சி செய்யாத பிரிவினருக்கு அது சுருங்கியது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான சோதனையில், உணவு, உடற்பயிற்சி, அறிவுப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றை ஈராண்டுகள் சேர்த்து அளித்தபோது, அறிவுத்திறன் ஓரளவு மேம்பட்டது.

நம் நாட்டிலிருந்தும் ஒரு சான்று உண்டு. ஐதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளரை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். இருமொழி பேசுவோருக்கு நோய், ஒருமொழி மட்டும் பேசுவோரைக் காட்டிலும் சராசரி நாலரை ஆண்டுகள் பிந்தித் தோன்றியிருந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. எனவே பள்ளிக்கல்வி மட்டுமே இதற்குக் காரணமன்று. நாள்தோறும் இரு மொழிகளிடையே மாறிமாறிச் செல்வதே மூளைக்கு ஓர் உழைப்பாகின்றது என்பது அவர்கள் கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உறவு குன்றியதால் மறதி வந்ததா, மறதி மெல்லத் தொடங்கியதால் உறவு குன்றியதா என்பதை இத்தகைய கவனிப்புகளால் முற்றும் தீர்மானிக்க முடியாது. மேலே கூறிய அருட்சகோதரிகள் ஏறத்தாழ 22 வயதில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் கருத்துச் செறிவு குறைந்திருந்தவர்களுக்கே முதுமையில் நோய் மிகுதியாக வந்தது என்றும் அதே ஆய்வு கூறுகின்றது. வேர்கள் மிக ஆழத்தில் இருக்கலாம். ஆகவே சூழல் மருந்தன்று. ஆனால் அது ஒரு பொருட்டுமன்று எனத் தள்ளவும் இயலாது.

3. நம் வட்டாரத்து நிலை

இவ்வுண்மைகளைத் திருவள்ளூர் மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு தலைமுறைக்கு முன் இங்குள்ள முதியவரின் நாள் எப்படிக் கழிந்தது? ஏரிப்பாசன வயலில் நாற்றின் நிறத்தைப் பார்த்துச் சொல்லவும், மாட்டின் நோயை அறியவும், உறவுமுறைகளைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துரைக்கவும் அவர் வேண்டியிருந்தது. பழவேற்காட்டு ஏரியில் எந்த நாளில் யார் எவ்விடத்தில் வலையிடலாம் என்பதை வரையறுக்கும் "பாடு" என்னும் முறை மீனவரிடையே உண்டு. அதன் நெறிகள் பெரியவர்களின் நினைவில் வாழ்ந்தவை. கடலுக்குச் செல்ல இயலாதவரும் கரையில் அமர்ந்து வலை செப்பனிட்டனர். விரல்களும் நாவும் நினைவும் ஒருங்கே உழைத்தன. ஆய்வாளர் பொம்மைகளைக் கொண்டு செயற்கையாகச் செழுமைப்படுத்திய கூண்டைவிட இது வளமான சூழல். அச்சூழலில் வறுமையும் சாதிக்கொடுமையும் இருந்தன. அதனைப் பொற்காலமெனப் புனைந்துரைக்க நாம் முற்படவில்லை. முதியவரின் அறிவு அங்கே பிறருக்குத் தேவைப்பட்டது என்பதையே சுட்டுகிறோம்.

கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் அமைந்தன. தொழிற்சாலைகளில் வேலைபெற்ற மக்கள், பெற்றோரைக் கிராமத்திலிருந்து அழைத்துவந்து இரண்டு அறை வீடுகளில் தங்கவைத்தனர். மகன் முறைப்பணிக்குச் செல்கிறான். மருமகளும் வேலைக்குச் செல்கிறாள். பேரப்பிள்ளைகள் பள்ளியில் இருக்கின்றனர். பக்கத்து வீட்டினர் வேற்றுமாநிலத் தொழிலாளர். சாலையில் கனரக வண்டிகள் இடையறாது ஓடுவதால் முதியவர் தனியே வெளியே செல்வதும் அச்சத்திற்குரியது. உணவு உண்டு, மருந்து உண்டு, அன்பும் உண்டு. பெர்க்லியின் தனிக்கூண்டிலும் உணவுக்கும் நீருக்கும் குறைவிருக்கவில்லை.

"தொழிற்பகுதியில் ஓசையும் நடமாட்டமும் மிகுதியன்றோ? அவை மூளையைத் தூண்டாவோ?" என்று ஒருவர் கேட்கலாம். ஓசை வேறு, தூண்டுதல் வேறு. இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் பேரொலியால் செவிப்புலனை இழக்கிறார். செவி மங்கியவர் உரையாடலிலிருந்து விலகுகிறார். விலகியவரின் மூளைக்கு வேலை குறைகிறது. 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, திருத்தக்கூடிய 14 காரணிகளைக் களைந்தால் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. செவிக்குறைபாடு, தனிமை, காற்று மாசு, கவனிக்கப்படாத பார்வைக்குறைவு, இளமையில் கல்வியின்மை, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் பல நம் சபையாரின் வீடுகளிலேயே உள்ளன.

இம்மாவட்டத்தில் மற்றொரு செல்வமும் வீணாகின்றது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே நாவில் புழங்குகின்றன. திருத்தணிப் பகுதி 1960-இல்தான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பேரப்பிள்ளைகளிடம் தெலுங்கு பேசாதே என்று பாட்டியை அடக்கும் வீடுகள் உண்டு. ஐதராபாத் ஆய்வை நோக்கும்போது, அவ்வடக்குதல் பாட்டிக்கு இழப்பு, பேரப்பிள்ளைக்கும் இழப்பு. கும்மிடிப்பூண்டியின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் முதுமையடைந்தோரையும் மறவாதிருப்போம். தம் ஊர், கடல், அயலார் அனைத்தையும் இழந்து வந்தவருக்கு, நினைவைத் தாங்கிநிற்கும் சூழலும் உடன் பறிபோயிற்று. அவர் தம் ஊரைப் பற்றிப் பேசுவதைப் பொறுமையுடன் கேட்பதே ஒரு பணி.

4. கண்ணில் படாத மறதி

வேலையின்றி அமர்த்திவைப்பதால் மற்றொரு தீங்கும் விளைகின்றது: நோய் தொடங்குவதே தெரியாமற் போகிறது. பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று நடத்திய கணக்கெடுப்பு 2008-இல் வெளியாயிற்று. இந்தியாவில் அதற்குரிய நகர்ப்புறக் களம் சென்னை. கிராமப்புறக் களம் வேலூர் வட்டாரம். மேலைநாட்டு அளவுகோலின்படி கிராமத்தில் மறதிநோயாளர் 0.3 விழுக்காட்டினரே. நம் பண்பாட்டிற்கேற்ப வகுத்த வேறு முறையில் தேடியபோதோ எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்தது. ஏன்? முதலாவது அளவுகோல், "இவரால் அன்றாடக் கடமைகளைச் செய்ய முடியவில்லையா?" என்று குடும்பத்தாரைக் கேட்கிறது. அவரிடம் எக்கடமையும் ஒப்படைக்கப்படாத வீட்டில், எது முடியவில்லை என்று யார் அறிவார்? 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக மதிப்பிடுகிறது.

இவ்விடத்தில் நம் தவறொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். முன்னர் நாம் பணியாற்றிய சேகரமொன்றில் முதிய ஆலயப் பணியாளர் ஒருவர் இருந்தார். நாற்பதாண்டுகள் மணியடித்து, விளக்கேற்றி, வந்தோர் வராதோர் அனைவரையும் மனத்தில் குறித்துவைத்திருந்தவர். அவர் படியேறத் தளர்ந்தபோது, இரக்கத்தினால் அவரை எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விடுவித்தோம். பொன்னாடை போர்த்தி நன்றி கூறினோம். ஈராண்டுக்குள் அவர் ஞாயிற்றுக்கிழமை எதுவென்று அறியாதவரானார். நம் செயலே அதற்குக் காரணம் என்று கூற இயலாது. நோய் முன்னரே தொடங்கியிருக்கலாம். ஆயினும், மணிக்கயிற்றைப் பிறரிடம் கொடுத்தபோது, "இன்றைக்கு யார் வரவில்லை?" என்று அவரிடம் கேட்பதையும் ஏன் நிறுத்தினோம் என்ற வினா நம்மை விட்டு அகலவில்லை.

எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தின் இறுதியில் லேவியரைப் பற்றிய ஒரு விதி உள்ளது. ஐம்பது வயதில் அவர்கள் கடினமான பணியிலிருந்து ஓய்வு பெறுகின்றனர். ஆயினும் ஆசரிப்புக் கூடாரத்தில் தம் சகோதரருடன் காவல்பணியில் துணைநிற்கின்றனர். சுமை இறக்கப்படுகிறது; பொறுப்பு எஞ்சியிருக்கிறது. நாம் அந்த ஆலயப் பணியாளருக்குச் சுமையை மட்டும் இறக்கியிருக்க வேண்டும்.

5. ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, திடீரெனத் தோன்றும் குழப்பத்தை முதுமையென்று விட்டுவிடலாகாது. நோய்த்தொற்று, மருந்துகளின் விளைவு, தைராய்டுக் குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தோற்றுவிக்கும். இவை மருத்துவத்தால் சீராகக்கூடியவை. மருத்துவரிடம் அனுப்புவதே ஆயரின் முதற்கடமை.

இரண்டாவது, செவியையும் கண்ணையும் கவனிக்கச் சொல்லுதல். 2023-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், செவிக்கருவி அளித்ததால் பங்கேற்றோர் அனைவரிடமும் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் மறதி வரும் ஆபத்து மிகுந்திருந்த பிரிவினரிடம் அறிவுத்திறன் தேய்வது மூன்றாண்டுகளில் 48 விழுக்காடு குறைந்தது.

மூன்றாவது, முதியவரிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்டுப் பெறுதல். பழைய கீர்த்தனையின் மெட்டை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரைக் கற்பிக்கச் செய்யலாம். சபையின் வரலாற்றை அவர் சொல்ல, வாலிபர் ஒருவர் எழுதலாம். வீட்டில் கீரை ஆய்தலும் பூத்தொடுத்தலும் பேரனுக்குக் கதை சொல்லுதலும் அவருடையவையாகவே இருக்கட்டும். தாமதமும் தவறும் நேரும். அதைப் பொறுத்துக்கொள்ள வீட்டாருக்குக் கற்பிக்கவேண்டும்.

நான்காவது, நோய் ஏற்கெனவே வந்தவருக்கும் இப்பணி உரியது. இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டர் குழுவினர் வகுத்த அறிவுத்தூண்டல் பயிற்சி, 2003-இல் 201 நோயாளரிடம் சோதிக்கப்பட்டது. ஏழு வாரங்களில் பதினான்கு முறை சிறு குழுவாகக் கூடிப் பாட்டு, உணவு, இளமைப் பருவம், சொல்விளையாட்டு முதலியவற்றில் ஈடுபட்டவர்களிடம் அறிவுத்திறனும் வாழ்க்கைத்தரமும் ஓரளவு உயர்ந்தன. 1984-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்கார்ஃப் நிறுவனத்தினர் இப்பயிற்சியைத் தமிழ் பேசுவோருக்கேற்ப மாற்றியமைத்துள்ளனர். அதன் நெறிகளுள் ஒன்று, நிகழ்ச்சி எப்போது நடந்தது என்று கேளாமல், அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பதாகும். நினைவு தவறினும் கருத்துக் கூறுவதற்குத் தடையில்லை. நாமோ வீட்டிற்குள் நுழைந்தவுடன், "என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று முதியவரைத் தேர்வில் நிறுத்துகிறோம். அவர் வெட்கி விழிப்பதைக் கண்டு வீட்டார் சிரிக்கின்றனர். இப்பழக்கத்தை இன்றே விட்டுவிடுவோம். முதலில் நம் பெயரையும் பணியையும் நாமே கூறிவிட்டு அமர்வோம்.

இறுதியாக ஒன்று. சூழல் முக்கியம் என்று கூறுவதால், மறதிநோய் வந்தவரையோ அவரைப் பேணுவோரையோ குற்றஞ்சாட்டும் உரிமை நமக்குக் கிடையாது. நன்கு கற்றவரும், பிறரோடு கலந்து பழகியவரும், இறுதிவரை உழைத்தவரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். இரவும் பகலும் பேணிச் சோர்ந்திருக்கும் மருமகளிடம், "நீங்கள் அவரோடு பேசியிருந்தால் இது வந்திராது" என்று கூறுவது அறியாமை, கொடுமையுமாகும். அவளுக்கு இரண்டு மணி நேர ஓய்வு கிடைக்கும்படி பெண்கள் ஐக்கியத்தார் முறைவைத்து வந்து முதியவருடன் அமர்வார்களாயின், இருவருக்கும் அது பயன் தரும்.

அடுத்த முறை ஒரு முதியவரின் வீட்டில் ஜெபித்து முடித்தபின், உடனே எழுந்துவிடாதிருப்போம். "எங்களுக்காக நீங்கள் ஒருமுறை ஜெபியுங்கள்" என்று அவரிடம் கேட்போம். சொற்கள் தடுமாறலாம், வாக்கியம் நடுவில் நின்றுவிடலாம். முடியும்வரை காத்திருந்து, ஆமென் கூறிவிட்டு வருவோமாக.